உமி குத்திய தெரு

எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் இப்போது பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இளவட்டங்கள். சங்க மலருக்கு நான் கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "அண்ணாச்சி, பாமாயில் வந்து நம்ம எண்ணெய் யாவாரத்தையே படுக்க வச்சிட்டு. வெளிநாட்டுச் சரக்கு வரலாமா, கூடாதா? ஒங்க அனுபவத்துல நறுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, அது போதும்" என்றார் செயலாளர். ஒரு வார்த்தையாம்! தென்காசி அரிசி மண்டியில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டியவனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். இதே கேள்வியை வேறொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், ஊரே கூடி நிற்கும்போது. அன்றைக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அதனால் நறுக்கென்று சொல்ல எனக்கு வராது. நீட்டித்தான் சொல்வேன். மலரில் இடம் இல்லையென்றால் இரண்டு விளம்பரத்தைத் தூக்கிவிடுங்கள்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. அருவியில் விழுந்த தண்ணீர்தான் சிற்றாறாகி எங்கள் வயலுக்கு வரும். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அதற்கு மேல் ரோஷம் இருந்தது. பள்ளிக்கூடம் எனக்கு ஏறவில்லை என்றதும் தென்காசியில் கோமதிநாயகம் முதலாளியின் மண்டியில் கொண்டுபோய் விட்டார். மூட்டை தைத்தேன், தராசு பிடித்தேன், குட்டு வாங்கினேன். மீசை கறுப்பதற்குள் அரிசி பார்க்கப் பழகிவிட்டேன்.

அரிசி பார்ப்பது என்றால் சும்மா இல்லை. மூட்டையின் வாயில் இருப்பது எப்போதும் நல்ல அரிசிதான். அதை நம்புகிறவன் மண்டிக்கு லாயக்கில்லை. இரும்புக் குழலை மூட்டையின் வயிற்றில் குத்தி, நடுவில் இருப்பதை உருவ வேண்டும். உள்ளங்கையில் பரப்பி ஒரு ஊது ஊதினால் தவிடு எவ்வளவு என்று தெரியும். ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தால் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தெரியும். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் மண்டியின் பின்கட்டில் ஒரு பிடியை உலையில் போட்டு, வடித்து, ஆறவிட்டு, வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் எல்லாச் சோறும் நன்றாகத்தான் இருக்கும். ஆறின பிறகுதான் அதன் குணம் தெரியும். அந்த வேலையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு.

1930-களின் தொடக்கத்தில் பர்மாவிலிருந்து ரங்கூன் அரிசி வந்து குவிந்தது. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் தென்காசிக்கு வரும். ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசி. கப்பலின் அடித்தளத்தில் கிடந்து வந்த ஒரு ஈர வாடை அதில் இருக்கும். எத்தனை தடவை களைந்தாலும் போகாது. ஆனால் விலை! எங்கள் ஊர் நெல்லை வாங்கி, அவித்து, குத்தி அரிசியாக்கினால் என்ன விலை வருமோ, அதைவிட எவ்வளவோ கீழே, கடல் தாண்டி வந்த அரிசியை நாங்கள் விற்றோம். அது எப்படிக் கட்டுபடியாகிறது என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ரங்கூன் அரிசி இறங்க இறங்க எங்கள் பக்கத்து நெல்லைக் கேட்க ஆள் இல்லாமல் போனது.

முதலாளி சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யாருக்கும் இல்லை என்ற சொல்லையும் சொல்ல மாட்டார். நெல்லைக் கொண்டுவந்து நிற்கிற சம்சாரியிடம், அதாவது விவசாயியிடம், "வாரும் வே, மூத்தவளுக்குப் பிள்ளை பொறந்துட்டா? சுகமா இருக்காளா?" என்று ஆரம்பிப்பார். மோர் கொண்டுவரச் சொல்வார். மோர் வந்துவிட்டது என்றால் விலை கிடையாது என்று அர்த்தம். குடித்து முடிப்பதற்குள் அந்த ஆளே, "சரி முதலாளி, நீங்க பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு மனுஷன்.

அவர் செய்த இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. மண்டிக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசலில் கூலி ஜனங்கள் வந்து, "ரங்கூன் அரிசி போடுங்க அண்ணாச்சி" என்று உரக்கக் கேட்டு வாங்கிப் போவார்கள். பின்வாசலில் வருகிறவர்கள் வேறு. நஞ்சை வைத்திருக்கிறவர்கள். சர்க்காருக்கு நிலத் தீர்வை கட்டுவதற்காக, அறுத்த நெல்லைக் களத்திலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லாமல் வருகிறவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "அது இருக்கா?" என்பார்கள். ரங்கூன் சாக்கில் நீல மையில் ஏதோ முத்திரை இருக்கும். அது தெரியாமல் சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அதில் அரிசியைக் கட்டி, மேலே கொஞ்சம் வைக்கோலைப் போட்டு வண்டியில் ஏற்றிவிடுவது என் வேலை. பின்வாசலில் விலை கொஞ்சம் கூடுதல்.

"ஏன் முதலாளி, ஒரே அரிசிதானே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"வெக்கத்துக்குன்னு ஒரு விலை உண்டும்லே. அதையும் யாராவது குடுக்கணும்லா" என்றார். சிரிக்கவும் இல்லை.

எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தப் பின்வாசலில் என்னிடம் வாங்கிப் போனவர்கள்தான். தெருவில் என்னை நேருக்கு நேர் பார்த்தால் வானத்தைப் பார்ப்பார்கள். ஐயா மட்டும் வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. எங்கள் வீட்டில் நெல் இருக்கிறது, நாங்கள் விலைக்கு அரிசி வாங்குகிற குடும்பம் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

குற்றாலத்தில் சாரல் கட்டிய ஒரு நாள், அங்கே பங்களா பிடித்துத் தங்கியிருந்தவர்களுக்குச் சீரகச் சம்பா கொடுத்துவிட்டு வரச் சொன்னார் முதலாளி. திரும்பும்போது வீட்டில் சாப்பிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். தெரு முழுக்க உலக்கைச் சத்தம். எங்கள் புறவாசலிலும் அம்மா குத்திக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுக்கப் பக்கத்தில் போனவன் உரலுக்குள் பார்த்துவிட்டேன். நெல் இல்லை. வெறும் உமி.

"என்னம்மா, உமியவா குத்துதே?"

"மெதுவாப் பேசுலே" என்றாள் அம்மா. உலக்கையை நிறுத்தவில்லை. "நெல்லு பூராவும் தீர்வைக்குப் போயிட்டு. அதுவும் பத்தல. பாக்கியக் கட்டலேன்னா வயலை ஏலத்துக்குக் கொண்டாருவோம்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். ஒங்க ஐயா சுரண்டைக்குப் போயி அந்த அரிசிய வாங்கிட்டு வாராவ."

"சுரண்டைக்கு ஏன் போணும்? நம்ம மண்டியில இல்லாததா?"

"நீ பாத்துருவேன்னுதான்."

ஆலை அரிசிக்கு உலக்கை எதற்கு? ஆனால் சம்சாரி வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றால், அவன் வீட்டில் நெல் இல்லை என்று அடுத்த வீடு பேசும். நெல் இல்லாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அதனால் உமியைப் போட்டுக் குத்துகிறாள். மற்ற வீடுகளின் சத்தத்தையும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். பின்வாசலில் என்னிடம் வாங்கிப் போன வீடுகள் எல்லாவற்றிலும் உலக்கை விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு வீடும் குத்துகிறது. கேட்டுக்கொண்டிருக்கிற அடுத்த வீடும் குத்துகிறது.

சாப்பிட உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே கப்பல் வாடை. அப்போது பார்த்து ஐயா வந்தார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போன பிசானத்து நெல்லு. குதிருல அடியில கெடந்தது. அதான் ஒரு மாதிரி வாடை அடிக்கும்" என்றார்.

ஊரில் உள்ள அரிசியை எல்லாம் முகர்ந்தே சொல்லுகிற மகனிடம் சொல்கிறார்! என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஆமாய்யா. பழைய நெல்லுதான்" என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றையும் தின்று எழுந்தேன்.

இதற்குள் ஊரில் பெரியவர்கள் சேர்ந்து சர்க்காருக்கு ஒரு மனுப் போட்டிருந்தார்கள். ரங்கூன் அரிசிக்கு வரி போட வேண்டும், எங்கள் நிலத் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. விலைவாசி சொல்ல மண்டி ஆள் ஒருவர் வர வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க ஊருதானே, நீயே போயிட்டு வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்கக் கூடாதத கேட்டா மழையப் பத்திப் பேசு" என்றார்.

அதிகாரி நடுவயசுக்காரர். தன்மையான மனிதர். கோயில் முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லாரும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்கள். ஐயா முதல் வரிசையில் நின்றார். வயல் ஏலத்துக்குப் போகுமா, தப்புமா என்பது அன்றைக்கு அந்த மனிதர் எழுதுவதில் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

"ரங்கூன் அரிசியால் கெட்டுப்போனோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தெருவில் யார் யார் அதை வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

"அய்யய்ய, நாங்க தொடமாட்டோம்" என்றார் ஒருவர். போன வாரம்தான் அவருக்குச் சாக்கைப் புரட்டிக் கட்டிக்கொடுத்திருந்தேன். அடுத்தவரும் அதையே சொன்னார். ஐயா, "அதைத் திங்கதுக்குப் பட்டினி கெடக்கலாம்" என்றார். ஒருத்தர் பாக்கி இல்லாமல் தலையை ஆட்டினார்கள்.

அதிகாரி பேனாவை மூடினார். "நான் தெருவுக்குள் வரும்போதே கேட்டேன். வீட்டுக்கு வீடு நெல் குத்துகிறார்கள். இப்போதும் கேட்கிறது. இவ்வளவு நெல்லை வைத்துக்கொண்டு தீர்வை கட்ட முடியவில்லை என்றால் நான் எப்படி நம்புவது?" என்றார்.

அவர் எழுந்துவிடுவார் போலிருந்தது. வயல் போய்விடும் என்ற பயத்தில் நான் முன்னால் போய்விட்டேன்.

"சாமி, அது நெல்லு குத்துத சத்தம் இல்ல. உமி குத்துதாவ."

"எந்த வீட்டில்?"

பின்வாசலில் நம்பி வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு நாக்கு வரவில்லை. அதனால், "எங்க வீட்ல" என்றேன். நியாயமாக நடந்துகொள்வதாக நினைப்பு.

ஐயா திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "பொய்யி! ரங்கூன் அரிசி வித்துச் சம்பளம் வாங்குதவன், சாமி. அவன் வாயில வேற என்ன வரும்? எங்க வீட்ல நெல்லு கெடக்கு!" என்று கத்தினார்.

எங்கள் வீடு கூப்பிடு தூரம். உள்ளே உலக்கை நின்றது. அம்மா சுளகு நிறைய உமியோடு வெளியே வந்தாள். ஆண்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. நேரே வந்து அதிகாரியின் காலடிக்கு முன்னால் கொட்டினாள்.

"இதத்தான் குத்துதேன். எழுதிக்கிடுங்க" என்றாள்.

ஐயா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு எதிர்வீட்டு அக்கா தன் சுளகோடு வந்தாள். அம்மா தனியாக நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல. அவளும் கொட்டினாள். அப்புறம் அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. அதிகாரிக்கு முன்னால் உமி மேடு தட்டிவிட்டது. சலவை வேட்டிக்காரர்கள் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் பெருமையாகவே சொல்லித் திரிந்திருப்பேன். விறகுக் கட்டைத் தலையில் வைத்தபடி ஓரமாக நின்ற மாடத்தி அப்போது பேசினாள். ஐயாவின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள். மற்ற நாளில் மலையில் விறகு பொறுக்கிக் குற்றாலத்தில் விற்பாள். அந்தக் காசோடு எங்கள் முன்வாசலுக்கு வருவாள்.

"சாமி, அந்த அரிசிக்கு வரி போட்டுறாதிய" என்றாள்.

"ஏட்டி, போடி அங்கன!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். அதிகாரி கையமர்த்தினார்.

"கூலி நெல்லு எத்தன நாளைக்குக் காணும் சாமி? தீந்தா கூழு, கெழங்கு. அதுவும் இல்லேன்னா தண்ணி. இந்த அரிசி வந்த பொறவுதான் ராத்திரியும் உலை வைக்கோம். இவுக ஒளிச்சு வச்சுத் திங்காவ. நாங்க வாசல்ல உக்காந்து திங்கோம். எங்களுக்கு இதுல என்ன வெக்கம்? வரி போட்டு வெலை ஏறிட்டுன்னா எங்க பிள்ளையளுக்கு நாங்க என்னத்தப் போட?"

அதிகாரி அவளைப் பார்த்தார், உமியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நீர் இரண்டு பக்கமும் தெரிந்தவர். இந்த அரிசி வரலாமா, கூடாதா? நீர் சொல்லும்" என்றார்.

வரக்கூடாது என்றால் மாடத்தி நிற்கிறாள். முதலாளியும் மண்டியில் இருக்கிறார். வரலாம் என்றால் ஐயா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சாரல் வலுக்கும் போல இருக்கு, சாமி. காயிதம் நனைஞ்சிரும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். "கெட்டிக்காரப் பய" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வருஷம் தீர்வையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார்கள். வயல் தப்பியது. ரங்கூன் அரிசி எப்போதும் போல எங்கள் மண்டிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஐயா மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நல்ல நாள், பெரிய நாளில்கூட அம்மாவிடம் சொல்லி அவள் வாயால்தான் எனக்குச் செய்தி வரும்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் கப்பல் நின்றது. ஒரே போடாக அரிசி இல்லாமல் போனது. எங்கள் ஊர் நெல்லைத் தேடி மதுரையிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். வாசுதேவநல்லூர் வரைக்கும் வண்டி கட்டிப் போய், களத்திலேயே காத்துக் கிடந்து நெல் வாங்கினோம். முதலாளி மோர் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காபி கொடுக்க ஆரம்பித்தார். ஐயா வண்டியில் நெல்லோடு வந்து இறங்கினபோது அவரே எழுந்து வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அன்றைக்குத்தான் ஐயா என்னோடு பேசினார். "ஏலே, வெலையப் பாத்தியா? நம்ம நெல்லு!" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் கண் கலங்கிவிட்டது. நெல்லுக்கு இவ்வளவு விலை வந்ததும், இந்த அறுப்புக்குக் கூலியை நெல்லாக அளக்காமல் துட்டாகக் கொடுத்துவிட்டேன் என்று அதே மூச்சில் சொன்னார். "நெல்ல அளந்தா நமக்கு நட்டம்லா?" கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மாடத்தி வந்தாள், முன்வாசலில். கையில் பை, முந்தானையில் முடிந்த கூலிக் காசு.

"அண்ணாச்சி, ரங்கூன் அரிசி எப்ப வரும்?"

"இனி வராது மாடத்தி."

"வேற எது இருந்தாலும் போடுங்க. இதுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு போதும்" என்று காசை நீட்டினாள். அந்தக் காசுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்ல முடியாமல் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். மேல் மூட்டை ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. கிட்டே போய் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தாள்.

"இது யாரு நெல்லு அண்ணாச்சி?"

"எங்க ஐயா நெல்லு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம வயலா? நல்லா வெளைஞ்சிருக்கே!" என்றாள். கையில் இருந்ததை ஒரு மணி சிந்தாமல் மூட்டைக்குள்ளேயே போட்டாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.